லாஃப்டிலிருந்து இறங்கிய வாத்துச் சட்டை

"...எல்லாத்தையும் அப்பவே கேட்டவுகளுக்குக் குடுத்துட்டேன் சபியா. ஒண்ணுகூட மிச்சமில்ல" என்று என் மனைவி வாசலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த 'எல்லாம்' ஹாலில் என் காலைச் சுற்றிப் பரந்து கிடந்தது.

பெயிண்ட் அடிப்பதற்காக லாஃப்டை ஒதுக்கியதில் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியிருந்தது. திறந்தால் அந்துருண்டை வாசம். எங்கள் ஒரே மகன் கார்த்தியின் சின்ன வயது மொத்தமும் உள்ளே! மூடி தொலைந்த வாட்டர் பாட்டில், ஒற்றைக் கால் ஷூ, சக்கரமில்லாத பஸ்... அடியில், மஞ்சள் வாத்து போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளங்கை அகலம்தான்.

நான் ஆசையாக உடுத்தும் சட்டையைப் பழைய துணிக்காரரிடம் பிளாஸ்டிக் வாளிக்குப் போட்டவள் இவள். சக்கரமில்லாத பஸ்ஸைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். கணவன்மார்களே, வீட்டில் நம் இடம் எதுவென்று புரிகிறதா?

பக்கத்து வீட்டு சபியாவின் மகளுக்கு அன்று காலைதான் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய துணிதான் முதலில். அதற்குக் கார்த்தியைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? இப்போது அவன் ஏறினால் லிஃப்டே ஒரு நிமிஷம் யோசிக்கிறது!

பிறகு ஏன் இந்தப் பொய்? உள்ளே வந்தவளிடம் கேட்டேன்.

"அது எம் பேரனுக்கு."

எந்தப் பேரன்? கார்த்திக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இவள் போனில் சுற்றி வளைத்துக் கேட்கும்போதெல்லாம், புராஜெக்ட் முடியட்டும் என்பான். புராஜெக்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது?

சபியாவை வெறுங்கையோடு அனுப்பியது மனசைக் குத்தியிருக்க வேண்டும். மத்தியானம் சட்டையை அலசி, வெயிலில் உலர்த்தி, எங்கள் ஊர் பாலவனத்தத்தில் அருப்புக்கோட்டை பஸ் ஏறிவிட்டாள். கொடுக்கும்போது ஒரே கண்டிஷன் — போட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். சபியா சிரித்தாளாம். "ஒங்க பேரன் வர்ற வரைக்கும் எம் பேரன் காவக்காக்கட்டும்க்கா."

இதோடு நின்றிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு நான் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. இவள் வாத்துச் சட்டையோடு குழந்தையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. வெறும் படம்.

அது போதாதா? கார்த்தி அதே சட்டையில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் எங்கள் ஹாலில் தொங்குகிறது. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த வாத்து அத்துப்படி. பிறந்த பிள்ளைகளுக்கோ உலகம் முழுக்க ஒரே ஜாடை!

எம்.ரெட்டியபட்டியிலிருந்து மச்சினர் முதலில் கூப்பிட்டு, பேரன் பிறந்ததை மறைத்துவிட்டேனே என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். திருச்சுழியிலிருந்து இவள் தங்கை அழுதேவிட்டாள். இவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டை நல்லாயிருக்கா என்று மட்டும் எல்லோரிடமும் கேட்டாள். குறும்புக்கு வயசேது?

அப்புறம் கார்த்தி. ஸ்பீக்கரில் போட்டாள். ஊரே வாழ்த்துச் சொல்கிறது, முதலில் அந்தப் படத்தை எடு என்று கத்தினான். அவன் முடிக்கும் முன்பே போன் கைமாறியது. மருமகள்! பாவம், அந்தப் பெண் இதை எப்படி எடுத்துக்கொண்டதோ...

"நீங்களே கேளுங்கத்த. நாந்தான் ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்னு இவரு எங்கூடச் சண்டைக்கு நிக்கிறாரு. மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னுதான இருந்தோம்? நான் எங்கத்த சொன்னேன்?"

அந்தப் பக்கம் கார்த்தி, "அடியே..." என்று மெதுவாகச் சொன்னது மட்டும் கேட்டது.

என் மனைவி போனை என் மடியில் போட்டாள். கண்ணைத் துடைத்தாள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தூங்குமே என்று நான் சொல்லச் சொல்ல, செருப்பை மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு ஓடினாள் — சட்டையைத் திருப்பி வாங்க!