மதில்மேல் ஒரு தொப்பி

வெயிலில் நின்ற சைக்கிளின் ரெக்சின் சீட்டில் அரை பாட்டில் தண்ணீரை ஊற்றினால் ஒரு வெந்த வாடை எழும்பும். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் உப்புக்காற்று, முன்கூடையில் இருக்கும் "குப்பூஸ்" ரொட்டியின் சூடு, எல்லாம் கலந்த அந்த வாடை, இன்றைக்கும் எங்கேயாவது ஒரு சைக்கிளைப் பார்த்தால் என் மூக்கில் வந்து நிற்கிறது. தொண்ணூறுகளில் துபாய் சத்வாவில் அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் நான் ஆளானேன். இன்று சார்ஜாவிலும் அஜ்மானிலும் எனக்குக் கடைகள் உண்டு, முருகேசன் என்றால் மொத்த வியாபாரிகள் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து, மூன்றாம் தடவை வாத்தியாரே போதும் என்று அனுப்பிவைத்தவனுக்குக் கீழே பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், சம்பாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் இத்தனை கடை திறந்தவனால் தீர்த்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு, அது வெள்ளிக்கிழமை.

நான் வேலை பார்த்தது கீழக்கரைக்காரர் ஒருவரின் "பக்காலா"வில். மளிகைக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வோம். முதலாளியை எல்லோரும் "காக்கா" என்று அழைப்பார்கள், அண்ணன் என்று அர்த்தம், நானும் அப்படியே அழைத்தேன். ஜுமேரா வீடுகளுக்குத் தண்ணீர், பால், முட்டை எல்லாம் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாரத்தில் வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. லீவு நாளில் என்ன செய்வது என்பது வளைகுடாவில் மற்றவர்களுக்குக் கேள்வியே இல்லை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், அத்தர் தடவிக்கொண்டு டேரா கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம் உண்டு. கீழக்கரைக்காரர்கள் ஒரு மருந்துக்கடை வாசலில் நிற்பார்கள், அதிராம்பட்டினத்துக்காரர்கள் அடுத்த சந்தின் முனையில், காயல்பட்டினத்துக்காரர்கள் ஒரு கடிகாரக் கடையின் நிழலில். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மாற்றிப் போய் நிற்கவும் மாட்டார்கள். ஊரில் இருந்து வந்த சாமான், ஊருக்குப் போகிற சாமான், பெண் பார்ப்பது, பிணக்குத் தீர்ப்பது எல்லாம் அந்த நடைபாதையில்தான் நடக்கும்.

நான் அரியலூர்ப் பக்கத்தில், பஸ் கூட நிற்காமல் போகும் ஒரு குக்கிராமத்துக்காரன். அந்த நடைபாதையில் எனக்கென்று ஒரு தூண்கூடக் கிடையாது. ஒருதடவை காக்காவோடு ஒட்டிக்கொண்டு போய் அந்த மருந்துக்கடை வாசலில் நின்றேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி யாரு வீட்டுப் புள்ள? எந்தத் தெரு?" என்று ஆசையாகக் கேட்டார். "நான் அரியலூர்ப் பக்கங்க" என்றேன். "அரியலூரா? அடடா, நம்ம புள்ளைன்னுல்ல நெனச்சேன்" என்றார். கோபமில்லாமல், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கை தோளில் இருந்து தானாக இறங்கிவிட்டது. அந்தக் கையின் கனம் போன பிறகு என் தோள் லேசாகிவிட்டதை இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப்பின் நான் அந்த நடைபாதைப் பக்கம் போகவில்லை.

நான் சாமான் கொடுக்கும் வீடுகளில் ஒன்றில் மர்சேல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். ஏதோ கம்பெனியில் இன்ஜினீயர், ஐம்பது வயது தாண்டியவர், நெட்டையான ஆள். மனைவி அந்தச் சூடு தாங்காமல் முதல் வருடமே திரும்பிப் போய்விட்டாளாம். ஒரு புதுவருடத்துக்கு அவர் எனக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். அவர் ஊர்ப்பக்கத்துப் படங்கள்: இரண்டு பக்கமும் மரங்கள் கூரை கட்டிய கால்வாய், கரையோரமாகவே போகும் சைக்கிள் பாதை, இடிந்த கோட்டை, தண்ணீரில் சுற்றும் மாவு மில், குட்டிக் கோயில் போல ஒரு சர்ச். ஜூன் மாதத்துக்கு வளைந்த ஒரு கல்பாலம். அந்தப் படத்தில் விரலை வைத்து, "மை வில்லேஜ். சண்டே, ஆல் பீப்பிள் சைக்கிள். யூ கம்" என்றார். அவருக்கும் இங்கிலீஷ் என் அளவுக்குத்தான்.

காலண்டரை என் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். ரூமில் இருந்த ஜப்பார் பாய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னடா படம் இது, ஒரு மனுசப்பயலையும் காணோமே! நடிகை படம் ஒண்ணும் கெடைக்கலையா ஒனக்கு?" என்று சிரித்தார். மனுசன் இல்லாததால்தானோ என்னவோ, எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போயின. அந்தப் பாதையில் யாரும் என்னிடம் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிரான்ஸ் கிடைக்காவிட்டால் என்ன, துபாயிலும் பழையது இருக்கத்தானே செய்யும்? கழிமுகத்தை ஒட்டிய பஸ்தக்கியாவுக்குப் போனேன். கூரைக்கு மேல் காற்றுக் கோபுரம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் அங்கே இருந்தன. அன்றைக்கு அவற்றை யாரும் சீந்தவில்லை. சுவரில் பவளக்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே கூலிக்காரர்கள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள். பிறகு ஒருவாரம் படகில் சைக்கிளை ஏற்றி அக்கரைக்குப் போய், கார்களுக்கு நடுவே தனியாக நின்ற பழைய காவல் கோபுரத்தைச் சுற்றி வந்தேன். "ஏன்டா முருகேசு, ஆறு நாளும் மிதிக்கிறது போதாதா, ஏழாம் நாளும் மிதிக்கிறியே, கூலி யாரு குடுக்குறா?" என்று காக்கா கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ்தக்கியாவில் உடைந்த மதில் ஒன்றின்மேல் மர்சேல் உட்கார்ந்திருந்தார். அவரும் சைக்கிளில்தான் வந்திருந்தார். இருவருக்கும் கொஞ்சம் வெட்கம். கடைக்காரப் பையனையும் வாடிக்கையாளரையும் அந்த இடத்துக்கு விரட்டியது ஒரே காரணம்தான் என்பது சொல்லாமலே தெரிந்துபோயிற்று. மறுவாரம் எனக்கு நேரமாகிவிட்டது. போய்ப் பார்த்தால், தன் பக்கத்தில் நிழல் விழுந்த இடத்தில் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். துபாய் வந்த நாளில் இருந்து எனக்காக ஒருவர் இடம் பிடித்து வைத்தது அதுதான் முதல்முறை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படிப் போனது. அவர் பிரெஞ்சில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அறுபது வயதை நெருங்கும் இந்த வாழ்க்கையில் நான் அவ்வளவு மனம்விட்டு யாரிடமும் பேசியதில்லை. என் தங்கை செல்வியின் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. நகை, பந்தல், சாப்பாடு எல்லாம் நான் சம்பாதித்து அனுப்பியது. எனக்குத்தான் போக லீவில்லை. அன்று மதிலில் உட்கார்ந்து, "சிஸ்டர் மேரேஜ், டுடே" என்று மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "இப்ப மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சிருக்கும்... இப்ப எங்க அப்பா வேட்டியத் தடுக்கி விழப்பாத்திருப்பாரு... இந்நேரம் தாலி ஏறியிருக்கும் சார்" என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மர்சேல் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண் வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்வதுபோல இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையில் இருந்த நீள ரொட்டியைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். என் வீட்டுக் கல்யாணத்தில் நான் சாப்பிட்டது அதுதான்.

வெயில் ஏறத் தொடங்கியபோது அவர் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். வாசலில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, "யூ கம்" என்று மறுபடியும் சொன்னார். "கம், கம்" என்று தலையாட்டினேன். அவருடைய முழுப்பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கடையில் அவர் "பதினாலாம் நம்பர் மர்சேல்", அவ்வளவுதான். அதற்குப்பின் நான் பஸ்தக்கியாவுக்குத் தனியாகப் போனேன், தனியாகவே திரும்பினேன். பிறகு சொந்தக் கடை வந்தது, வெள்ளிக்கிழமையும் கல்லாவில் உட்காரப் பழகினேன்.

போன வருடம் மகளிடம் அந்த ஜூன் மாதத் தாளைக் காட்டினேன். காலண்டரில் அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் போனில் ஒரு நிமிடத்தில் ஊரைக் கண்டுபிடித்து, "டாட், அங்க ஒண்ணுமே இல்ல, சும்மா ஒரு கனால். பாரிஸ் போங்க" என்றாள். நான் பாரிஸை விமான நிலையத்தோடு முடித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். சைக்கிள் ஓட்டும் நாளை நானேதான் குறித்தேன், வெள்ளிக்கிழமை என்று.

கடையிலேயே விலை கூடின சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் கால்வாய்க் கரையில் மிதித்தேன். கோட்டை இருந்தது, மில் இருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் வயதையும் வரலாற்றையும் எழுதிய பலகை இருந்தது. கூரை கட்டிய மரங்கள்தான் பாதிக்குமேல் இல்லை. ஏதோ நோய் வந்து வெட்டிவிட்டார்களாம். சர்ச் பூட்டியிருந்தது. மைல் கணக்கில் ஓர் ஆளைக் காணவில்லை. ஜப்பார் பாய் சொன்னது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன். கல்பாலத்தை ஒட்டிய வீட்டில் ஒரு வயதான அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நோ பீப்பிள்?" என்றேன். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் வேலை இருக்குமே. ஞாயித்துக்கிழமை வாங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். மர்சேல் சண்டே என்று அன்றே சொல்லியிருக்கிறார். என் உடம்புக்குத்தான் லீவு என்றால் வெள்ளிக்கிழமை என்று ஊறிப்போயிருந்தது. நான் மர்சேலைக் கேட்டேன். அவள் சிரித்தாள். "இந்தப் பக்கத்துல என் வயசு ஆம்பளைங்க பாதிப்பேரு மர்சேல்தான். நீங்க கேக்கிறது எந்தக் குடும்பத்து மர்சேல்?"

யாரு வீட்டுப் புள்ள, எந்தத் தெரு. டேராவில் என்னிடம் கேட்டதற்காவது ஒரு பதில் என்னிடம் இருந்தது.

டிக்கெட் சனிக்கிழமைக்கு. அதை மாற்றினேன், மாற்றுகிற வசதி எனக்கு உண்டு. ஞாயிறு காலையிலேயே பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். வந்தார்கள், குடும்பம் குடும்பமாக, சைக்கிளில் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு, நாயை ஓடவிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் கரையில் தனக்கென்று ஓரிடத்தில் விரிப்பை விரித்தது, யாரும் மாற்றிப் போய் உட்காரவில்லை. நான் ஒவ்வொரு நெட்டைக் கிழவரின் முகத்தையும் பார்த்தேன்.

சத்வாவில் எங்கள் கடையும் ரூமும் இருந்த வரிசையை இடித்து வருடங்களாகின்றன. அங்கே பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பஸ்தக்கியாவுக்கு வெள்ளையடித்துக் காப்பிக்கடை வைத்துவிட்டார்கள், எங்கள் உடைந்த மதிலைப் பூசி நேராக்கிவிட்டார்கள். காக்கா இல்லை. அந்த வெள்ளிக்கிழமை லீவுகூட இப்போது துபாயில் இல்லை, சர்க்கார் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டது.

பாலத்தில் நடந்துவந்த ஒரு ஜோடி, என் பக்கத்தில் நிழல் விழுந்த இடத்தைக் காட்டி, உட்காரலாமா என்று சைகையில் கேட்டது. நான் அங்கே விரித்துவைத்திருந்த என் கைக்குட்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஆள் வருது" என்றேன், தமிழிலேயே. அவர்களுக்குப் புரிந்தது. தலையசைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் கரையில் விரிப்புகளை எல்லோரும் உதறி மடித்த பிறகு, நானும் கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.