எலெக்ட்ராவின் முன்சீட்

எங்கள் ஊரான பே சிட்டியில், அடிபட்ட காரை வெர்னன் சோப்சாக்கிடம் விட்டுத் திரும்ப வாங்கினால், அடிபட்டது உண்மைதானா என்று சந்தேகம் வந்துவிடும். தகரத்தில் விழுந்த பள்ளத்தை எடுப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்ப்பார். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்தச் சுத்தியல் சத்தம் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு தந்ததில்லை.

தொழிலை விட்ட பிறகு, எங்கள் ஊர் ஆண்களுக்கு வருகிற நோய் அவருக்கும் வந்தது. வாலிபத்தில் பார்த்த பெரிய பெரிய கார்களை நினைத்து ஏங்குகிற நோய். கோடைக்கால வியாழக்கிழமைகளில் ஹாட் டாக் விற்கிற ஹாட்டாக் கடை வாசலில் அந்தக் கார்களை வரிசையாக நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பெண்டாட்டியை அப்படிப் பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு விவாகரத்து ஆகியிருக்காது.

வெர்னன் ஏங்கியது ஒரே ஒரு காருக்கு. தங்கை டெல்ஃபினின் கணவர் ஃப்ளோரியன் வைத்திருந்த அறுபத்தொன்றாம் வருடத்து பியூக் எலெக்ட்ரா. கருநீலம். நீளமோ நீளம், ஷெட்டில் விட்டால் கதவு மூடாது. ஃப்ளோரியன் அதை விற்கவும் மாட்டார், மச்சானிடம் ஓட்டக் கொடுக்கவும் மாட்டார். அவர் மாரடைப்பில் போனதற்கு அடுத்த வசந்தத்தில் டெல்ஃபின் அண்ணனைத் தேடி வந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, வண்டி ஓடணும், பிரேக் போட்டா நிக்கணும். அவ்வளவுதான். ஒரு தரம் அதுல ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரணும்."

"நான் ஓட்டுறேன். நீ ராணி மாதிரி உக்காந்து வா."

"வேற எதையும் தொடாத. சீட்டுல அவரு சிகரெட் சுட்ட ஓட்டைகூட அப்படியே இருக்கட்டும்."

"சரிம்மா, தொடல."

"உன் கைய எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இன்ஜினும் பிரேக்கும் சீக்கிரமே தயாராகிவிட்டன. அன்றே கொண்டுபோய் விட்டிருக்கலாம். வியாழக்கிழமைக் கூட்டாளிகள் விட்டால்தானே? "இத மட்டும் புதுசாக்கிட்டேன்னு வையி, ஆகஸ்ட்ல நடக்கிற பழைய கார் கண்காட்சில கோப்பை உனக்குத்தான்" என்று ஏற்றிவிட்டார்கள். ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம் என்று ஆரம்பித்தார். அது பளபளத்ததும் மற்ற கதவுகள் பல்லை இளித்தன. டெல்ஃபின் போன் செய்யும்போதெல்லாம், "பிரேக் சாமான் இன்னும் வரலம்மா" என்று கூசாமல் புளுகினார். இல்லை, கூசத்தான் செய்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் வேலைக்குப் போய்விடுவார். அந்தக் கோடை இப்படியே போய் அடுத்த கோடையும் வந்தது.

கடைசியில் முன்சீட்டுக்கு வந்தார். அந்தக் கார்களில் முன்னால் தனித்தனி சீட் கிடையாது, சோபா மாதிரி ஒரே நீளம். அதைக் கழற்றி முற்றத்தில் போட்டார். அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று ஸ்டியரிங்குக்கு நேராக. இன்னொன்று கதவோரம் இல்லை, நடுவில், முதல் பள்ளத்தை உரசிக்கொண்டு. கதவோரத்தில் சீட்டுத் துணி புதிதாகக் கடையில் வாங்கினது போலவே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து டெல்ஃபின் புருஷனை ஒட்டியே உட்கார்ந்து போயிருக்கிறாள்.

வெர்னன் நடுப்பள்ளத்தில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நான் பார்த்தேன்.

"யாரோடதுன்னு அப்பவே தெரிஞ்சிது" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "தெரியாம செஞ்சிருந்தா தேவலையே."

கண்காட்சி நடுவர்கள் சீட்டை அழுத்திப் பார்ப்பார்கள். அதனால் புது ஸ்பிரிங்கும் பஞ்சும் வைத்துப் பள்ளங்களை எடுத்துவிட்டார்; பழையவை பழைய இரும்புக் கடைக்குப் போயின.

கோப்பை கிடைத்தது. அதோடு நேராகத் தங்கை வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். டெல்ஃபின் தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, உதட்டுச்சாயம் பூசி, தயாராக வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றாள். ஏறினாள், பழக்கத்தில் நடுவுக்கு நகர்ந்தாள். உட்கார்ந்தவள் இடுப்பை இந்தப் பக்கம் அசைத்தாள், அந்தப் பக்கம் அசைத்தாள். கையால் சீட்டைத் தடவினாள். பிறகு கதவோரத்துக்குப் போய்விட்டாள்.

"ஏரிக்கரைக்குப் போலாமா?" என்றார் வெர்னன்.

"தலை வலிக்குது. இன்னொரு நாள் போலாம்."

வெர்னன் வண்டியைத் தன் முற்றத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாளே அந்தப் பழைய ஸ்பிரிங்கைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்கு ஓடினார். எல்லாம் எப்போதோ உருக்கப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் செய்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. சீட் நடுவில் மணல் மூட்டையை ஏற்றி வைத்தார். புது ஸ்பிரிங் மசியவில்லை. பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தானே உட்கார ஆரம்பித்தார். தினமும் காப்பிக் கோப்பையோடு ஏறி, எங்கேயும் போகாத காரில், நடுவில் உட்கார்ந்திருப்பார்.

"யார் வந்து ஓட்டுறதுக்காகக் காத்திருக்கீங்க?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன்.

ஒருநாள் டெல்ஃபின் வந்து, அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். என்ன செய்கிறார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாள் உக்காந்தாலும் அது உன் பள்ளம்தாண்ணே."

"தப்புப் பண்ணிட்டேம்மா. தெரிஞ்சே பண்ணிட்டேன்."

"தெரியும். கோவமெல்லாம் ஆறிப்போச்சு." தன்னிடமிருந்த இன்னொரு சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். "வண்டிய நீயே வச்சுக்க. அவரு இருக்கறப்பவே ஆசப்பட்டியே."

"டெல்ஃபின், வேணாம்மா."

"இது எங்க வண்டி இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அந்த வியாழக்கிழமை எலெக்ட்ராவை ஹாட்டாக் கடை வாசலில் பார்த்ததும் கூட்டாளிகள் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினார்கள். "நெனச்சத அடைஞ்சிட்டியேய்யா" என்றான் ஒருவன்.

"ஆமா, அடைஞ்சிட்டேன்" என்றார் வெர்னன்.