மூன்று ஐம்பதுக்காகக் காத்திருந்தது

எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி ரேட் எவ்ளோ?" என்பதுதான். ஜோகூரில் குடியிருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சம்பளம் அக்கரையில் சிங்கப்பூர் டாலரில். அரிசி, பருப்பு, வாடகை எல்லாம் இக்கரையில் ரிங்கிட்டில். ஒரு டாலருக்கு எத்தனை ரிங்கிட் என்பதை மழை வருமா வராதா என்று பார்ப்பதுபோல் தினமும் பார்ப்போம்.

பதினான்கு வருடமாக சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு கணினி சிப் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். அங்கே நான் வேலை கற்றதைவிட ரேட் பார்க்கக் கற்றதுதான் அதிகம் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவர் பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவருக்குச் சம்பளம் ரிங்கிட்டில். வீட்டில் ரேட்டைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டதே இல்லை.

சம்பளம் போட்ட அன்றே ஓடிப்போய் மாற்றுபவர்கள் அவசரக்குடுக்கைகள் என்பது அப்போது என் எண்ணம். நான் மூன்று கடைப் பலகைகளைப் பார்த்து, விசாரித்து, நாலு நாள் பொறுத்துத்தான் மாற்றுவேன். இக்கரைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர் ஒரு தமிழ் முஸ்லிம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவருடைய பலகையில் எப்போதும் இரண்டு விலை இருக்கும். நம்மிடம் வாங்குவது ஒரு விலை, நமக்கு விற்பது கொஞ்சம் கூடுதல் விலை. ஆரம்பத்தில் இதற்காக அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். "ஒரே சாமானுக்கு ரெண்டு வெலையா பாய், அநியாயமா இல்ல?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நடுவுல இருக்குற அந்தத் துண்டுதாங்க்கா என் சோறு," என்றார்.

அந்த வருடம் ரிங்கிட் இறங்கிக்கொண்டே போனது. வானொலியில் அதைக் கவலையோடு சொல்வார்கள். எங்கள் பஸ்ஸில் கைதட்டாத குறைதான். நானும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, "இன்னிக்கும் ஏறியிருக்கு!" என்று அறிவிப்பேன். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டுவார்.

அப்படி ஒரு நாள்தான் வீட்டுக்காரர் வந்தார். ஸ்கூடாயில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் பதினோரு வருடமாக அவருடைய ஒற்றை மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வயதான சீனர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். மெல்பர்னில் மகளோடு போய் இருக்கப் போவதாகவும், வீட்டை விற்கப் போவதாகவும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே மலாயில் சொன்னார். விலை மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரிங்கிட். பத்து சதவீதம் முன்பணம் கட்டி ஒப்பந்தம் போட்டால் போதும், மீதிக்கு வங்கிக் கடன் எடுத்துக்கொள்ளலாம். "என்னைவிட நீங்கதான் இந்த வீட்டை நல்லா பாத்துக்கிட்டீங்க. வருசக் கடைசி வரைக்கும் வேற யாருகிட்டயும் பேச மாட்டேன்," என்றார்.

அவர் போனதும் நான் சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றேன். பின்பக்கத்து மழைக்கூரை என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்துப் போட்டது. அதற்கே அங்கிளிடம் அனுமதி கேட்டுத்தான் போட்டோம். சொந்த வீடு என்றால் எனக்குப் பெரிய கனவெல்லாம் கிடையாது. யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணமும் இருந்தது. சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் பத்தாயிரத்து ஐந்நூறு டாலர் சேர்த்து வைத்திருந்தேன். அன்றைய ரேட் மூன்று நாற்பத்திரண்டு. மாற்றினால் முப்பத்தையாயிரத்துக்கு மேலேயே வரும். என் கணவர், "போதும் லா, நாளைக்கே மாத்திடு," என்றார்.

"அவசரப்படாதீங்க. மூணு அம்பது வரட்டும்," என்றேன் நான்.

மூன்று நாற்பத்திரண்டுக்கும் மூன்று ஐம்பதுக்கும் நடுவில், என் பணத்துக்கு, எண்ணூற்று நாற்பது ரிங்கிட் வித்தியாசம். சமையலறைக்கு டைல்ஸ் போடலாம் என்று கணக்குப் போட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. இலவு காத்த கிளி என்று அடுத்தவரைச் சொல்லத் தெரிந்த வாய்தான் இது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் லாபிஸ் ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி வருவாள். முப்பது வயதிருக்கும், அதே தொழிற்சாலைதான். அவள் கைப்பேசியில் எப்போதும் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடும். ஒரு நாள், "அக்கா, நீங்க ரேட்ல புலி. சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்களே, எறங்கி வெளையாட வேண்டியதுதானே?" என்றாள்.

அந்தச் சந்தை எப்படி என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அதற்குக் கடை கிடையாது, கட்டடம் கிடையாது. உலகம் முழுக்க இருக்கும் வங்கிகள் கணினி வழியாக ஒன்றோடொன்று பணத்தை வாங்கி விற்றுக்கொண்டிருக்கும். திங்கள் விடிகாலை திறந்தால் சனி விடிகாலைதான் ஓயும். நம்மைப் போன்ற சின்ன ஆட்கள் அந்தக் கடலில் நேராக இறங்க முடியாது, நடுவில் ஒரு செயலி வேண்டும். அந்தச் செயலி நாம் போடும் பணத்தை நூறு மடங்கு ஆக்கி வியாபாரம் செய்ய விடும். "நூறு டாலர் போட்டா பத்தாயிரத்துக்கு யாவாரம் பண்ணலாங்க்கா. லாபமும் நூறு மடங்கு, நட்டமும் நூறு மடங்கு," என்றாள். அவள் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னாள். முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. அவள் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

செயலியைத் திறந்ததும் நான் தேடியது சிங்கப்பூர் டாலர், ரிங்கிட் ஜோடியை. பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே ஜோடி. அது அங்கே இல்லவே இல்லை. நம் ரிங்கிட் வெளிநாட்டுச் சந்தையில் அப்படித் தாராளமாகப் புழங்குவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யூரோ இருந்தது, ஜப்பான் யென் இருந்தது. யாரையும் தெரியாத கல்யாண வீட்டில் அரைகுறையாய்த் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல் தேடி, அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர் ஜோடியைப் பிடித்தேன். ஒன்றாவது நமக்குத் தெரிந்த ஆள்தானே என்று நினைத்தேன்.

வீட்டு முன்பணத்திலிருந்து மூவாயிரம் சிங்கப்பூர் டாலரை அதில் போட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் எனக்குக் கோபம் வரும். அதனால் சொல்லவில்லை.

சிங்கப்பூர் டாலர் ஏறும் என்பது என் கணிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிங் டாலர் ஏறினால் பலகையில் எண் ஏறும், அதுதானே என் அனுபவம். எண் ஏறும் என்று நம்பி, வாங்கு என்றிருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய கணமே சின்னதாக ஒரு நட்டம் காட்டியது. இங்கேயும் வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. பாயின் சோறு நினைவுக்கு வந்தது, இங்கேயும் யாரோ சாப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் எண் மெல்ல ஏறி எழுபது டாலர் லாபம் காட்டியது. அந்தச் சந்தோஷத்தில் தீபாவளிக்கு வழக்கத்தைவிட ஒரு கிலோ ஆட்டுக்கறி கூடுதலாக வாங்கினேன். லாபம் செயலிக்குள்ளேயே இருக்க, கறிக்குக் காசு கைப்பையிலிருந்து போனது என்பதைக்கூட யோசிக்கவில்லை.

தீபாவளி முடிந்த அந்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாபிஸ் பெண் கேன்டீனுக்குள் கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். "அக்கா, அமெரிக்கா டாலர் விழுந்துருச்சு! சிங் ஏறிடுச்சு!" என்றாள். என் கணிப்பு பலித்துவிட்டது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கைப்பேசியைத் திறந்தேன். முழுக்கச் சிவப்பு. உங்கள் வியாபாரம் முடித்து வைக்கப்பட்டது என்று ஒரு வரி. மூவாயிரம் இருந்த இடத்தில், ஒரு புரோட்டாவும் தே தாரேக் தேநீரும் வாங்குகிற அளவுக்குப் பணம் மீதி இருந்தது. நூறு மடங்கு என்றால், விலை நூற்றில் ஒரு பங்கு எதிராக நகர்ந்தாலே போட்ட பணம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் செயலி நம்மைக் கேட்காமலே கணக்கை முடித்துவிடும்.

செயலியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, எடுத்த பெண்ணை எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் திட்டினேன். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக பாய் கடைக்குப் போனேன். "திருட்டுப் பயலுங்க பாய்! சிங் ஏறியிருக்கு, எனக்கு நட்டம் காட்டுறானுங்க!" என்று கைப்பேசியைக் கண்ணாடி இடுக்கு வழியாகத் தள்ளினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பார்த்தார்.

"அக்கா, இதுல நீங்க வாங்குனது அமெரிக்கா டாலர. சிங் டாலர வித்திருக்கீங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தன் பலகையைக் காட்டினார். இங்கே சிங்கப்பூர் டாலர் சாமான், ரிங்கிட் அதற்கு விலை. சிங் பலமானால் எண் ஏறும். செயலியில் சாமான் அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர்தான் அதற்கு விலை. அங்கே சிங் பலமானால் எண் இறங்கும். "ஒண்ண வாங்குனா இன்னொண்ண வித்தாகணுங்க்கா. இந்த யாவாரத்துல தனியா ஒண்ண மட்டும் வாங்க முடியாது," என்றார் பாய்.

செயலி என்னை ஏமாற்றவில்லை. என் கணிப்பும் தப்பில்லை. பதினான்கு வருடம் ஒரே பலகையைப் பார்த்துப் பழகிய கண், எல்லாப் பலகையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பச்சைப் பொத்தானை அமுக்கி வைத்துக்கொண்டேன். உதவி எண்ணில் திட்டு வாங்கிய அந்தப் பெண்ணை நினைத்து வெட்கமாக இருந்தது. பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

கணவரிடம் அன்றே சொன்னேன். லாரியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, "மிச்சம் எவ்ளோ இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஏழாயிரத்து ஐந்நூறு. ரிங்கிட்டில் இருபத்தாறாயிரம் சொச்சம். முன்பணத்துக்குப் பத்தாது. அவருடைய சேமநிதியில் எடுக்கக்கூடியதைக் கோவிட் காலத்திலேயே எடுத்துச் சாப்பிட்டாகிவிட்டது. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ரேட் ஏறுச்சு, ரேட் ஏறுச்சுன்னு சந்தோசமா வருவ. அன்னிக்கெல்லாம் என் சம்பளம் கொறைஞ்சிருக்கும். நீ சந்தோசமா இருக்கியேன்னு நான் ஒண்ணும் சொல்லல."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அவருக்கு ரேட் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன். என் சம்பளமும் அவர் சம்பளமும் அந்தப் பலகையின் இரண்டு பக்கம். ஒன்று ஏற வேண்டும் என்று நான் சாமி கும்பிட்ட நாளெல்லாம் மற்றது இறங்க வேண்டும் என்றும் சேர்த்தே கும்பிட்டிருக்கிறேன்.

அங்கிளிடம் இன்னும் ஆறு மாதம் கேட்டோம். பிப்ரவரியில் விமானம் ஏறுவதாக இருந்தார். முடிந்தவரை பொறுக்கிறேன் என்றார். அவர் சொன்ன வருடக் கடைசி தாண்டி, பொங்கலும் தாண்டியது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பஸ்ஸில் ஒரே கூச்சல். ரேட் மூன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே அங்கிள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தமிழர்தான், ஜோகூரிலேயே மெர்சிங் ஊர்க்காரர். சிங்கப்பூரில் பொறியியலாளராக இருக்கிறார், குடியிருப்பதும் அங்கேயே. அறை அறையாகப் பார்த்தார். பின்பக்கத்து மழைக்கூரையைப் பார்த்து, நல்ல வேலை என்றார். முன்பணம் முந்தின நாளே கட்டியாகிவிட்டது என்று அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மெர்சிங்காரருக்கு எங்கள் கதை தெரியாது. நான் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, "இப்ப ரேட் நல்லா இருக்குல்லக்கா, அதான் யோசிக்காம வாங்கிட்டேன்," என்றார்.

நான் கேட்ட ரேட் வந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அவர் நல்ல மனிதர். எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. "நீங்களும் சிங்கப்பூர்லதானே வேலை செய்றீங்க? வாடகைய சிங் டாலராவே என் கணக்குல போட்டுருங்க, மாத்துற தொல்லை இல்ல," என்றார். ஒவ்வொரு முதல் தேதியும் பஸ் பாலம் ஏறுவதற்குள் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறேன். அதற்கு ரேட் பார்க்க வேண்டியதில்லை. பிறகு ரேட் இறங்கியது, பஸ்ஸில் முகங்கள் வாடின. சம்பளம் போட்ட அன்றே வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாற்றிவிடும் அவசரக்குடுக்கை இப்போது நான்தான்.

போன மாதம் சமையலறைச் சுவரில் நாட்காட்டி மாட்ட ஓர் இடம் பார்த்தோம். என் கணவர் சுத்தியலும் ஆணியுமாக நாற்காலி மேல் ஏறியவர், பழக்கத்தில், "வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?" என்றார். மெர்சிங்காரருக்குச் செய்தி அனுப்பினேன். தாராளமா அடிங்கக்கா என்று உடனே பதில் வந்தது. படித்துக் காட்டினேன். என் கணவர் ஆணியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு, "வேணாம் லா," என்று ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.