செடி விற்க மறுத்த எஸ்தர் டீச்சர்

மண்ணூர்பேட்டையில் பஸ் ஏறினேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கண்டக்டர் கொஞ்சம் தயங்கி நின்றார். என்னிடம் படித்தவர். “சார், ‘எங்க வெப்பே’ டீச்சர் பூட்டாங்க சார். காலையிலதான். நாளைக்கு எடுக்கிறாங்களாம்” என்றார். பிறகு விசில் ஊதினார்; பஸ் கிளம்பிவிட்டது. எஸ்தர் டீச்சர் காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

உங்களில் பலர் அவரிடம் தையலும் கீழ்வகுப்புக் கணக்கும் படித்தவர்கள். அந்தப் பட்டப்பெயர் பிள்ளைகள் கேலியாக வைத்தது என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பிள்ளைகள் வைக்கவில்லை, ஊர் வைத்தது. வைத்த நாளன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

அது யுத்த காலம். அரிசி ரேஷனில் வந்தது. காய்கறி விலை கிட்ட நெருங்க முடியாதபடி இருந்தது. அயனம்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தைச் சுற்றுத் தெருக்காரர்கள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு பயிர் வைத்தார்கள். அந்தக் கீரையும் கத்திரிக்காயும்தான் பல வீடுகளில் குழம்பு. எல்லாப் பாத்திக்கும் ஒரே கிணறு. அந்த வருஷம் பொங்கல் கழிவதற்குள் அதில் வாளி தரை தட்டியது. ஆழப்படுத்தாவிட்டால் தோட்டம் கோடையைத் தாண்டாது. கிணறு வெட்டும் ஆட்களின் தலைவர், “சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முன்பணம் கொடுத்தா வேலையைத் தொடங்கிடுவோம். இல்லாட்டி திருவள்ளூர் பக்கம் போயிடுவோம். அப்புறம் இந்த வருஷம் எங்களைப் பாக்க முடியாது” என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் செடி விற்பனை. பாத்தி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டாரும் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொட்டாங்கச்சியில் மிளகாய் நாற்று, உடைந்த பானையில் கறிவேப்பிலை, மண்ணெண்ணெய் டின்னில் மல்லிகை, யாரோ ஒருவர் கொடுத்த ஒரு வரிசைக் குரோட்டன்ஸ். நாள் குறித்தவர்கள் எஸ்தர் டீச்சரும் நானும். இருவரும் ஞாயிறுதோறும் வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் வீடுகளில் பஞ்சாங்கம் கிடையாது.

சனிக்கிழமை காலை, மிச்சச் செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முனுசாமி வந்தார். ஏரிக்கரையில் சொந்த நிலம் வைத்திருந்தவர். தோட்டத்திலும் ஒரு பாத்தி அவருடையது. நாங்கள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“இன்னா டீச்சரம்மா, இன்னிக்குக் கரிநாளு! எவன் செடி வாங்கிகினு போவான்?”

“நேத்தே சொல்லியிருக்கலாமே, முனுசாமி?”

“நீங்க படிச்சவங்க, பார்த்துத்தான் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். சரி, நாளைக்கு வெச்சிக்கலாம்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாங்க விக்க மாட்டோம்.”

“நல்லா கீது போ! இன்னிக்கு எங்களுக்கு ஆவாது, நாளைக்கு உங்களுக்கு ஆவாது. நடுவுல செடி இன்னா பண்ணும்?”

அவர் சொன்னபடியே நடந்தது. பூந்தமல்லியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள், மெச்சினார்கள், திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாள் பார்க்காமல் வாங்க வந்த சிலரையும் டீச்சர் எளிதில் விடவில்லை. ஒரு பெண் கறிவேப்பிலைக் கன்றைக் கையில் எடுத்தாள்.

“எங்க வெப்பே?” என்றார் டீச்சர்.

“ஊட்டு வாசல்ல.”

“வாசல்ல ஆடு மேயுமே?”

“கட்டி வெப்பேன்.”

“ஆட்டையா, செடியையா?”

அந்தப் பெண் கன்றைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம், “செடி வாங்க வந்தா பொண்ணு கேக்க வந்தா மாதிரி இல்ல விசாரிக்கிறாங்க!” என்று சிரித்துக்கொண்டே போனாள். பகல் முழுவதும் இப்படியே கழிந்தது. சாயங்காலத்துக்குள் பட்டப்பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கையில் பணம்தான் சேரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஆவடியிலிருந்து ஒரு மேஸ்திரி லாரியில் வந்து இறங்கினார். அங்கே பட்டாளத்துக்குக் கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற செடி அத்தனையையும் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கிணறு வந்துவிட்டது என்றே நினைத்தேன். முனுசாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லாரியில் ஏற்றத் தயாரானார்.

“எங்க வெப்பீங்க?” என்றார் டீச்சர்.

“கொட்டகை முன்னாடி, ரோட்டோரமா. திங்கக்கெழமை துரை பார்க்க வர்றாரு.”

“அங்க தண்ணி?”

“செவ்வாக்கெழமைக்கு மேல தண்ணி யாருக்கும்மா வேணும்? துரை பார்த்துட்டுப் போற வரைக்கும் பச்சையா இருந்தா சரி.”

அந்த மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். பொய் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் கொண்டுபோயிருப்பார்.

“குரோட்டன்ஸை எடுத்துக்கோங்க. மத்தது கொடுக்கறதுக்கில்ல” என்றார் டீச்சர்.

அவரைத் தனியே அழைத்துப் பேசினேன். நான் கணக்கு வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். “ஒரு தட்டில் இந்தச் செடிகள், இன்னொரு தட்டில் கிணறு. கிணறு இருந்தால் இதைப்போலப் பல மடங்கு வளர்க்கலாம். எது கனம், நீங்களே சொல்லுங்கள்.”

“கணக்கு சரிதான் சார். நட்டு வளர்க்கத்தான்னு ஜனங்க கொண்டுவந்து கொடுத்தாங்க. சாகறதுக்கு வித்துட்டோம்னு அவங்க கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“டீச்சரம்மா, கெணறு பூடும்” என்றார் முனுசாமி.

“ஏரி இருக்கே.”

“கோடையில ஏரித்தண்ணி எங்க போய் நிக்கும் தெரியுமா? அங்கேர்ந்து மொண்டுகினு வர்றது யாரு?”

“நான்தான்.”

மேஸ்திரி குரோட்டன்ஸுடன் போனார். கிணறு வெட்டும் தலைவர் வந்தார். சேர்ந்த பணம் முன்பணத்துக்குக் காணாது என்று பார்த்தார். கோபப்படாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு செடி மிச்சமில்லை. வந்தவர்கள் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள். “ஆடு இல்ல, மாடு இல்ல, கெணத்தடியில வெப்பேன், மருமவ தண்ணி ஊத்துவா, போதுமா டீச்சர்?” என்று ஒருவர் ஒரே மூச்சில் ஒப்பித்தார். முன்பணத்துக்கு வேண்டிய தொகையும் சேர்ந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள்தான் ஊரில் இல்லை.

அந்தக் கோடையில் டீச்சர் சொன்னபடி செய்தார். பள்ளி தொடங்குமுன் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக ஏரிக்குப் போய் வருவார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நாங்களும் போனோம். ஆனாலும் பாதித் தோட்டம் காய்ந்தது. முனுசாமியின் கத்திரிப் பாத்தி முழுதாகப் போயிற்று. “அந்த அம்மாவுக்குச் செடி மேல கீற கரிசனம் மனுசன் மேல இல்ல” என்று சொல்லி வெகுநாள் அவரிடம் பேசாமல் இருந்தார். அதை நான் டீச்சரிடம் சொன்னேன். “பாதி சரி” என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் கிணறு ஆழமாயிற்று. தண்ணீர் வந்த அன்று முதல் வாளியை முனுசாமியின் பாத்தியில் டீச்சர்தான் கொண்டுபோய் ஊற்றினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் ஒருமுறை சைக்கிளில் ஆவடிப் பக்கம் போனேன். கொட்டகைகளுக்கு முன்னால் குரோட்டன்ஸ் குச்சி குச்சியாக நின்றிருந்தன. நல்லவேளை மற்றதைக் கொடுக்கவில்லை என்று டீச்சருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வந்து சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல், “குரோட்டன்ஸும் செடிதான் சார். அதையும் கொடுத்திருக்கக் கூடாது” என்றார்.

அன்று நான் போட்ட கணக்கு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் செய்ததைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் அவரோடு பழகினேன்.

அடக்கத்துக்குப் போகும்போது வீட்டு வாசலிலிருந்த ரோஜாத் தொட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். எல்லோரும் மண் போட்டு முடித்தபின், தலைமாட்டில் வைக்கக் குனிந்தவன் சுற்றிலும் பார்த்தேன். குழாய் இல்லை, கிணறும் இல்லை. அங்கே நின்ற காவல்காரரிடம், “இதற்குத் தண்ணீர் ஊற்றுவீர்களா?” என்று கேட்டேன்.

“மழை ஊத்தினாத்தான் சார்” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதே கண்டக்டர். “இன்னா சார், திருப்பி எடுத்துகினு வர்றீங்க?” என்றார். அங்கே தண்ணீர் இல்லை என்றேன். அவர் தொட்டி ஆடாமலிருக்க என் இருக்கைக்கு அடியில் காலால் தள்ளி வைத்தார்.

எஸ்தர் டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு கேள்விதான். ரோஜா என் வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறது.