இருபத்திரண்டு அங்குலம்

எங்கள் பகுதியில் எல்லாரும் அவரை அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒரு ஜன்னல் கம்பி கேட்டுப் போனால்கூட, வந்த ஆள் சொன்ன அளவை நம்பாமல் டேப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். "உங்க வீட்டு ஜன்னல் உங்க வாய்லயா இருக்கு?" என்று கேட்பார். அதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் அவர் செய்த கதவு எதுவும் தரையில் உரசியதாக யாரும் சொன்னதில்லை.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் அண்ணிக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த மாதமே அங்குலம் அண்ணன் வீட்டு வாசல் ஒவ்வொன்றையும் இடித்து முப்பத்திரண்டு அங்குலமாக்கினார். குளியலறை, சமையலறை, வீட்டிலிருந்து பட்டறைக்குள் வருகிற கதவு, எதையும் விடவில்லை. அண்ணி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு காலையிலேயே பட்டறைக்கு வந்துவிடுவார். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையோடு இவர் நடப்பார். பென்சில் அண்ணியின் காதில் செருகியிருக்கும். அளவை எழுதுவதும் அவர்தான்.

"என் கால் போனதுல இவருக்கு லாபம்தான். சம்பளம் கேக்காத ஆள் கிடைச்சுது, ஓடியும் போக மாட்டா" என்பார் அண்ணி.

இவர்கள் கதைக்குள் நான் வந்தது ஓர் ஏரியின் மூலம். ஊருக்கு வெளியே, காட்டுக்குள் இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து வேனில் போனால் இருபது நிமிடம். ஆனாலும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. பஸ் கிடையாது, மேடுபள்ளமான வழி, கார் வைத்திருப்பவர்களின் ஏரியாகவே அது இருந்துவந்தது. இதை மாற்றிக் காட்டுகிறோம் என்று மூன்று தொண்டு நிறுவனங்கள் கைகோத்தன. ஒன்று கரைவரை சமமான பாதை போடும். ஒன்று வேன் விடும். நான் வேலை பார்த்தது மூன்றிலும் சின்னதில். மண்ணிலும் ஓடுகிற தடித்த டயர் நாற்காலிகள் எட்டு நாங்கள் தருவதாக ஏற்பாடு. ஏழு மாதம் கூட்டம் போட்டோம். பலகையில் என்ன நிறம் அடிப்பது என்பதற்கே மூன்று கூட்டம். கடைசியில் 'அனைவருக்கும் ஏரி' என்று பெயர் வைத்து எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம். நானும்தான் தட்டினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பாதை போட்டவர்களுக்கு ஒரு பயம். பையன்கள் மோட்டார் பைக்கை விட்டுப் புதுப்பாதையை நாசம் பண்ணிவிடுவார்களே என்று. அதனால் நுழைவாயிலில் ஆள் மட்டும் போகிற மாதிரி ஓர் இரும்புச் சட்டம் வேண்டும் என்றார்கள். வேலை அங்குலம் அண்ணனிடம் வந்தது. ஏரிக்கரையின் கம்பி வேலியும் அவர் முன்பு போட்டதுதான். அவர் பைக்கின் கைப்பிடியை அளந்தார், இடைவெளியை இருபத்திரண்டு அங்குலம் என்று வைத்தார். அண்ணி டேப்பைப் பிடித்தார், எழுதிக்கொண்டார். வேலை கனகச்சிதம்.

அப்போது அண்ணிக்குச் சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தச் சுத்திகரிப்பு. டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க ஆசைப்பட்டது எதுவா இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டார். நான் பட்டியலோடு பட்டறைக்குப் போய், முதல் நாள் ஏரிக்கு வருகிற எட்டுப் பேரில் அண்ணியும் ஒருவர் என்றேன்.

"நானா? ஏரிக்கா?" அண்ணி சிரித்தார். "இத்தனை வருஷமா இவர்கிட்ட ஏரி எப்படி இருக்கும்னு கேக்கறேன். நானூறு அடி வேலி போட்டேன்னு சொல்றார். அதான் எனக்குத் தெரிஞ்ச ஏரி."

திறப்பு நாளன்று வேன் எட்டுப் பேரையும் இறக்கிவிட்டது. பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள், ரிப்பன் கட்டியிருந்தது. முதலில் அண்ணியை விட்டோம். தடித்த டயர் நாற்காலி சட்டத்தில் இடித்து நின்றது. கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். மறுபடி இடித்தது. நாற்காலியின் அகலம் முப்பத்தொரு அங்குலம். அந்த அளவு எங்கள் அலுவலகத்தில் என் மேசையிலேயே கிடந்த காகிதம் ஒன்றில் இருந்தது.

அங்குலம் அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்து அந்த இடைவெளியை அளந்தார். தெரிந்த அளவைத்தான் அளந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

இரண்டு பேர் ஓடிவந்து, "தூக்கிட்டுப் போயிடலாம்மா" என்றார்கள்.

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா?" என்றார் அண்ணி. "பின்னாடி ஏழு பேர் இருக்காங்க. எல்லாரையும் தூக்குவீங்களா? வாரா வாரம் தூக்குவீங்களா? திருப்பும்மா வண்டிய" என்று என்னிடம் சொன்னார்.

திரும்பும்போது வேனில் அண்ணன் வாயைத் திறந்தார். "வீட்ல ஒவ்வொரு வாசலையும் உனக்காக இடிச்சேன். அந்தச் சட்டத்தைச் செய்யும்போது நீ என் எதிர்லதான் உக்காந்திருந்தே. எனக்குத் தோணவே இல்லையே."

"டேப்பைப் பிடிச்சவ நான். எனக்கே தோணல" என்றார் அண்ணி. "அது நம்ம இடம் இல்லைன்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணிட்டோம் போல. அளக்கறதுக்கு முன்னாடியே."

சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அது வனத்துறையின் சொத்தாகிவிட்டது, எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்கள் பாதைக்காரர்கள். அனுமதி கேட்கும் கடிதத்தில் மூன்று நிறுவனமும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளியூர், ஒருவர் விடுப்பு. இழுத்தடித்தார்கள். நாலாவது வாரம் அண்ணிக்கு மூச்சுத் திணறி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏம்மா, லெட்டர் எப்ப வரும்?"

"பரிசீலனையில இருக்குண்ணே."

"டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏரிக் காவலரிடமிருந்து போன். வெல்டிங்காரர் ஒரு சின்ன ஜெனரேட்டரை இறக்கிவைத்துச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருக்கிறாராம். பைக் வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, பைக்கைப் பிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் என்கிறாராம். "அனுமதி இருக்கா மேடம்?"

"வந்திருச்சு. கொண்டு வரேன்" என்றேன். பச்சைப் பொய். அதற்காகப் பின்னால் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் வேலைக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே அண்ணியைக் கூட்டிப் போனோம். தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, அறுத்து அகலமாக்கிய சட்டத்தின் இரண்டு தூண்களுக்கும் நடுவே போனார். கரையில் நாற்காலியை நிறுத்தி வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணி.

"பிடிக்கலையா?" என்றார் அண்ணன்.

"தண்ணி. மரம். காத்து. இவ்வளவுதானே? இதைப் பாக்கறதுக்கா இத்தனை பேர் கையெழுத்து?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வரணும்" என்றார்.

ஒன்பது வாரம் வந்தார். மற்ற ஏழு பேரும் வந்தார்கள். கடைசி இரண்டு தடவை அண்ணிக்குச் சக்கரத்தை உருட்டத் தெம்பில்லை, என்னைத் தள்ளச் சொன்னார். பத்தாவது வாரம் வேன் பட்டறை வாசலில் நிற்காமல் போனது.

அனுமதிக் கடிதம் அதற்கும் மூன்று வாரம் கழித்து வந்தது. சட்டத்தை அகலப்படுத்தலாம், சட்டத்தைச் செய்தவரே அகலத்தை அளந்து படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்றிருந்தது. கிழித்துப் போடத்தான் கை பரபரத்தது. ஆனால் அந்தப் படிவம் இல்லையென்றால் பழையபடி மாற்றிவிடுவார்கள். எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவர் படித்தார், டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நுழைவாயிலில் அவர் ஒரு தூணருகே நின்று டேப்பை இழுத்தார். மறுமுனையைத் திரும்பிப் பார்க்காமலேயே பக்கத்தில் நீட்டினார். நிற்கிறவர்களின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் கை இருக்கும் உயரத்தில். நீட்டிய கை அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

நான் மண்ணில் முட்டி போட்டு அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன்.