செவ்வந்தி கொண்டுவந்த குடம்

அலுவலகக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு குடம் கொண்டுவரச் சொல்லி செயலாளர் மோகன்குமார் போன் செய்தார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் வைக்கத்தான் என்று செவ்வந்தி நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? நாற்பத்தைந்து வயது வரை அவளிடம் குடம் கேட்டவர்கள் எல்லோரும் தண்ணீருக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்திருந்த பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, மாகறலில் எட்டரை மணி பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டே உத்திரமேரூர் வந்து சேர்ந்தாள்.

செவ்வந்தி நிலமில்லாத வீட்டுப் பெண். பன்னிரண்டு வயதில் நாற்று நடப் போனாள். கல்யாணமான பிறகு செங்கல் சூளை. அங்கே ஒருநாள் மாசமான பெண் ஒருத்திக்கு மயக்கம் வந்தும் மேஸ்திரி நிழலுக்கு விடவில்லை. "அவ ஒக்காரட்டும், இல்லாங்காட்டி நாங்க அத்தினி பேரும் ஒக்காந்துக்குவோம்" என்று சொல்லி வெயிலில் தரையில் உட்கார்ந்தவள் இவள்தான். அந்தச் சேதி கூலி மக்கள் உரிமை மையத்தின் காதுக்கு எட்டியது. வீடு தேடி வந்து களப்பணியாளர் வேலை கொடுத்தார்கள். ஆயிற்று ஏழு வருஷம்.

ஏழு வருஷம் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மையத்தின் காகிதத்தில் அவள் எப்போதும் பதினொரு மாதத்துக்காரி. பதினொரு மாதம் முடிந்தால் ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பிறகு புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி கையெழுத்து வாங்குவார்கள். வருஷம் முழுசாக ஓடிவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களே என்ற பயம். வேலையில்லாத அந்த மாதத்திலும் ஜனங்கள் மனு எழுத அவள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். இவளும் எழுதிக் கொடுப்பாள். வேடிக்கை என்னவென்றால், கம்பெனிகளில் இதே பதினொரு மாதத் தந்திரம் செய்கிற காண்டிராக்டர்களை எதிர்த்து மையம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. அதற்கு ஆள் திரட்டியவளும் செவ்வந்திதான். ஊருக்குத்தான் உபதேசம்.

கேட்டால், "இங்க முதலாளின்னு யாரும் கிடையாது, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார் மோகன்குமார். அந்தக் குடும்பப் பாசத்தில்தான் தன்னைவிட ஐந்து வயது சின்னவரை அவள் அண்ணா என்று கூப்பிட வேண்டியிருந்தது.

அலுவலகக் குழாயில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்ததும் மோகன்குமார் சிரித்துவிட்டார்.

"தண்ணியக் கொட்டிட்டு நல்லாத் தொடச்சுக் குடுங்க செவ்வந்தி. இன்னிக்குக் குடவோலை போடப் போறோம்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வெளியிலிருந்து வருகிற நிதி குறைந்துவிட்டதாம். தற்காலிகமாக இருக்கும் ஆறு பேரில் மூன்று பேரை நிறுத்த வேண்டுமாம். யாரை என்று தான் சொன்னால் ஓரவஞ்சனை என்பார்கள். சோழர் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூரில் இருந்துகொண்டு வேறு வழி தேடுவானேன்? ஆறு பேரும் தங்கள் பேரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட வேண்டியது. அவர் மூன்று சீட்டு எடுப்பார். வந்த பேருக்குரியவர்கள் போய்விடலாம். "ஆயிரம் வருஷத்து ஜனநாயகம்!" என்று சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வேறு. படம் பிடிக்க கேமராக்காரரைக்கூட வரவழைத்திருந்தார்.

அந்த ஆறு பேரில் புள்ளலூர் ஷீபா முதலில் எழுதினாள். ஜான்சன் எழுதி நாலாக மடித்தான். செவ்வந்தியும் எழுதினாள். இந்த வேலை போனால் மறுபடி சூளைதான், அதற்கு அவள் முட்டி இரண்டும் இனி ஒத்துவராது. அதைவிட, மனுவும் கையுமாக வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வாள்? சீட்டைப் போடக் குடத்துக்குள் கை விட்டாள். உள்ளே ஈரம் காயாமல் இருந்தது. கழுத்தை அறுக்கிற கத்தியைத் தானே விளக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பயம் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் மிஞ்சியது.

கையை வெளியே எடுத்தாள், சீட்டோடு. உள்ளங்கையால் குடத்தின் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, யார் பேரக் குடத்துல போடலாம்னு கல்வெட்டுல இன்னா எழுதிக்கீது, தெரியுமா?"

மையத்துக்கு வருகிற விருந்தாளிகளைக் கோயிலுக்கு அழைத்துப்போய் குடவோலைக் கல்வெட்டைக் காட்டுவதும் அவள் வேலைதான். விதிகள் எல்லாம் மனப்பாடம்.

"இப்ப எதுக்கு அது?" என்றார் மோகன்குமார்.

"சொந்த நெலம் கீறவங்க பேருதான் போடணும். எங்க பாட்டன் பூட்டன் பேரு அந்தக் குடத்துல ஏறவே இல்ல. உள்ள சேக்கறதுக்கு அன்னிக்கு எங்க பேரு ஆவல. வெளிய தள்றதுக்கு மட்டும் இன்னிக்கு ஆவுதா?"

மோகன்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நிதி இல்ல செவ்வந்தி. நான் இன்னா பண்ணட்டும்?" பதற்றத்தில் அவருக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"குடும்பம்னு சொன்னீங்க இல்ல? வூட்ல கஞ்சி பத்தலன்னா எல்லாருந்தான் அரை வயிறு குடிப்பாங்க. சரி, குடவோலதான் வேணுமா, போட்டுக்கலாம். ஆபீஸ்ல கீற அத்தினி பேரும் பேரு எழுதணும். மொதல்ல நீங்க எழுதுங்க."

வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் நீட்டினாள். அவர் கை நீளவில்லை. ஒருங்கிணைப்பாளர் சுலோச்சனா மேஜைக்குப் பின்னாலிருந்து பதறினாள்.

"எம் பேரு எதுக்குமா? நான் பர்மனென்ட்டு ஆச்சே!"

"அதத்தாம்மா நாங்களும் கேக்கறோம்."

சொல்லிவிட்டு, அன்று சூளையில் உட்கார்ந்த மாதிரியே தரையில் உட்கார்ந்தாள், குடத்தை மடியில் வைத்துக்கொண்டு. ஷீபா தன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜான்சன் உட்கார்ந்தான். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். இதைப் படம் எடுக்கலாமா கூடாதா என்று கேமராக்காரர் விழித்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மோகன்குமார் இறங்கி வந்தார். சீட்டு எடுப்பது இல்லை. நிர்வாகக் குழு கூடும்போது ஆறு பேரும் உள்ளே இருப்பார்கள், அதுவரை யாரையும் நிறுத்துவதில்லை. வாய்வார்த்தையை நம்புகிறவளா செவ்வந்தி? ஏழு வருஷமாக ஊரார் மனுக்களை எழுதிய கையால் அதை எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் முதல் முறையாகத் தன் பேரைப் போட்டு, கீழே ஆறு கையெழுத்தும் அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

"சரி, குடத்த எடுத்துக்கினு கெளம்புங்க" என்றார் அவர்.

செவ்வந்தி குழாயடிக்குப் போய்க் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள்.

"குடம் இங்கியே இருக்கட்டும்ணா. பன்னெண்டாவது மாசமும் நான் வருவேன். தண்ணி குடிக்கணும் இல்ல?"