ரெங்கசாமி பூட்டிய பிளேடுகள்

லோரியிலிருந்து அந்தப் பழைய தச்சு இயந்திரத்தை இறக்கும்போதே ரெங்கசாமி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அம்பாங்கில் ஒரு சீனர் தன் தச்சுப் பட்டறையை மூடியபோது, ரெங்கசாமியின் மனைவி லோகேஸ்வரி அதை வாங்கியிருந்தாள். மரத்தை அறுக்க, இழைக்க, துளை போட எல்லாவற்றுக்கும் ஒரே உடம்பு, ஒரே மோட்டார். கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய பட்டறைக்குள் நாலு பேர் அதை உருட்டிக்கொண்டு போனார்கள்.

ரெங்கசாமி வாசலோடு நின்றுவிட்டார். இழைக்கும் மேசையின் நடுவே ஒரு பிளவு, அதற்குள் ஓர் உருளை, உருளையில் மூன்று பிளேடுகள். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி ஃபேக்டரியில் இதே மாதிரி ஒரு பிளவுதான் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மரத்தில் ஒரு கணு இருந்தது. பலகை துள்ளியது, கை இறங்கியது. வலி தெரிவதற்குள் மேசை சிவந்துவிட்டது. அதன் பிறகு அவர் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார்.

லோகேஸ்வரி அடுக்குமாடி வீடுகளுக்குச் சுவரில் மாட்டும் சாமி மேடை செய்து விற்றாள். கையாலேயே இழைத்து இழைத்து வலது தோளைத் தூக்க முடியாமல் போயிருந்தது.

"வேணாம்லா லோகா. இழைச்ச பலகையாவே கடையில வாங்கிக்க."

"அது நெளிஞ்சு போயிருக்குங்க. நான் பார்த்துப் பண்றேன்."

"நானும் பார்த்துத்தான் பண்ணேன்."

மறுநாள் காலையிலேயே அவள் மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம் துருவைத் தேய்த்தாள். பேரிங் மாற்றினாள், பெல்ட் மாற்றினாள், பிளேடுகளைத் தீட்டக் கொடுத்து வாங்கி அவளே பூட்டினாள். இரும்பு பளபளப்பாக ஆக ஆக ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. துரு பிடித்துக் கிடந்தவரை அது செத்த சாமான். இப்போது அதற்கு உயிர் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சுவிட்சைப் போட்டாள். அவர் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உருளை உறுமி வேகம் எடுத்தது. சத்தம் சீராகத்தான் இருந்தது. பிறகு அதன் அடியில் மெல்லிசாக இன்னொன்று கேட்டது. டிக், டிக், டிக்.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய கையோடு அவளைத் தோளில் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

உருளை நிற்கும்வரை காத்திருந்தார். நின்ற பிறகும் காத்திருந்தார். பிளக் தரையில்தான் கிடந்தது, கண்ணால் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். அதற்கப்புறம்தான் மூன்று விரல் கையைப் பிளவுக்குள் நீட்டினார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவது பிளேடு முடியளவு வெளியே நகர்ந்து மேசை விளிம்பை உரசியிருந்தது.

"பிளேடை இறுக்கிப் புடிக்கிற ஆப்புல எண்ணெய் விட்டியா?"

"திரும்பத் துரு புடிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் தடவுனேன்."

"எண்ணெய் இருந்தா வழுக்கும். போல்ட்டுல மரையும் தேஞ்சிருக்கு பாரு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா பிளேடு பறந்திருக்கும்."

தான் நின்ற இடத்தை லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வித்துடலாங்க," என்றாள்.

இரண்டு மாதமாக அவர் காத்திருந்த வார்த்தை அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. அந்த முகத்தை அவர் பதினாறு வருடம் கண்ணாடியில் பார்த்திருந்தார். அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

"நான் போய் போல்ட் வாங்கிட்டு வரேன்," என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க ஒவ்வொரு ஆப்பையும் கழற்றி எண்ணெய் போகத் துடைத்தார். புது போல்ட் போட்டு, மூன்று பிளேடையும் ஒரே மட்டத்தில் வைத்து, நாலு தடவை இறுக்கிப் பார்த்தார். சாயந்திரம் உருளை சுற்றியபோது உறுமலைத் தவிர வேறு சத்தம் இல்லை. லோகேஸ்வரி கை கிட்டப் போகாமல் தள்ளுகட்டையால் ஒரு மெராந்தி மரப் பலகையை மெதுவாக அனுப்பினாள். அது வழவழப்பாக அந்தப் பக்கம் வந்தது.

அதற்குப் பிறகு பிளேடு மாட்டுவது அவர் வேலை, இழைப்பது அவள் வேலை என்று ஆனது. அவள் இழைக்கிற நேரமெல்லாம் அவர் பிளக் பக்கத்திலேயே நிற்பார். பழகிப்போகும் என்று லோகேஸ்வரி சொன்னாள். பழகவில்லை. வேலைக்குப் போகிற நாட்களில் இழைப்பு உருளை சுற்றாதபடி அதன் பெல்ட்டைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் சுருட்டி வைத்து, காவல் பார்க்கும் கார்ட் ஹவுஸுக்குக் கொண்டுபோய்விடுகிறார். அவளுக்கு அது தெரியும். அன்றைக்கு அவள் ஒட்டுவதும் பாலிஷ் போடுவதுமாக இருந்துவிடுகிறாள்.